பாட்டு கேட்க எந்த ப்ளேயர்? வீட்டுக் கணினிக்குச் சில குறிப்புகள்

தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பல வீட்டு அலமாரியில் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்த பிள்ளை வாங்கி வந்ததாக இருக்கும். பிள்ளை ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டது; லேப்டாப் வீட்டில் தங்கிவிட்டது. இன்றைய வேலைகளுக்கு அதன் வேகம் போதாது. ஆனால் பாட்டு கேட்க இன்னும் அருமையான கருவி அது. நெட் பேலன்ஸ் தீர்ந்தாலும் சிக்னல் போனாலும், ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பாட்டு நிற்காது.

அதற்கு எந்த மென்பொருளைப் போடுவது என்று பலர் கேட்கிறார்கள். யார் கேட்கப் போகிறார்கள், எதைக் கேட்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும். ப்ளேயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாட்டு ஃபைல்கள் ஒழுங்காக இருக்கிறதா என்பதே பெரிய விஷயம். அதனால் கீழே இரண்டையும் கலந்தே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் கணினியின் ராம் எவ்வளவு என்று பாருங்கள். 2 ஜி.பி. என்றால் ஃபூபார்2000 போதும், வேறு எதையும் தேட வேண்டாம். 4 ஜி.பி. இருந்தால் எய்ம்ப் நன்றாக ஓடும். 8 ஜி.பி.யும் ஆயிரக்கணக்கான பாட்டுகளும் இருந்தால் மியூசிக்பீ போடலாம். இவை எல்லாமே வீட்டு உபயோகத்துக்கு இலவசம். காசு கட்டினால்தான் நல்ல ப்ளேயர் கிடைக்கும் என்பது இந்தத் துறையில் உண்மையில்லை.

2. எந்த ப்ளேயரைத் தேர்ந்தெடுத்தாலும் துணைக்கு வி.எல்.சி.யையும் போட்டு வையுங்கள். பாரிஸில் எக்கோல் சென்ட்ரால் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் ஆரம்பித்த திட்டம் அது. 2001-இல் கட்டற்ற மென்பொருளாக எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு, பழைய பட்டன் போனில் பதிந்த ஏ.எம்.ஆர். ஃபைல், பாதியில் அறுந்த டவுன்லோடு என்று மற்ற ப்ளேயர்கள் கைவிடுவதை எல்லாம் இது பாடிக்காட்டும். ஆனால் இரண்டாயிரம் பாட்டுகளைப் படவாரியாகப் பிரித்து வைத்துத் தேடிக் கேட்க இது ஏற்றதல்ல. எதையும் திறந்து பார்க்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. எந்த மென்பொருளையும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 2022-இல் வி.எல்.சி.யின் அதிகாரப்பூர்வத் தளம் இந்தியாவில் சில மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. இப்படித் தளம் திறக்காத நேரத்தில்தான் கண்ட இடத்தில் இறக்கத் தோன்றும். அங்கேதான் வைரஸ் வருகிறது. இன்ஸ்டால் செய்யும்போது "கூடவே இதையும் போடவா" என்று வேறு ஏதாவது கேட்டால், டிக்கை எடுத்துவிட்டுப் போங்கள். அதேபோல, பாட்டு என்று இறக்கிய ஃபைலின் பெயர் .எக்ஸ்இ என்று முடிந்தால் அது பாட்டே அல்ல. திறக்காமல் அழித்துவிடுங்கள்.

4. ஃபூபார்2000. பீட்டர் பாவ்லோவ்ஸ்கி என்ற நிரலாளர் 2002 முதல் உருவாக்கி வருவது. பார்க்க வறட்சியாக இருக்கும். படம் இல்லை, பகட்டு இல்லை. முதல் நாள் பிடிக்காமல்கூடப் போகலாம். ஆனால் திறக்கச் சொன்ன மறுநொடி திறக்கிறது, ராமில் மிகக் குறைந்த இடமே எடுக்கிறது, பத்தாயிரம் பாட்டு இருந்தாலும் நாலு எழுத்து தட்டியதும் தேடிக் கொடுக்கிறது. விண்டோஸ் 7-லும் ஓடும் என்பதால் பழைய மடிக்கணினிக்கு என் முதல் பரிந்துரை இதுதான். போட்டவுடன் 'லைப்ரரி' அமைப்பில் உங்கள் பாட்டு போல்டரை ஒரு முறை காட்டிவிட்டால் போதும். பிறகு அந்தப் போல்டரில் புதிதாக எதைப் போட்டாலும் தானே சேர்த்துக்கொள்ளும்.

5. மியூசிக்பீ. சேகரிப்பதில் பிரியம் உள்ளவர்களுக்கானது. பட அட்டையோடு ஆல்பங்களை வரிசையாக அடுக்கிக் காட்டும். விடுபட்ட விவரங்களை இணையத்தில் தேடி நிரப்பும். ஒரே பாட்டு இரண்டு முறை இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும். ஒரு எச்சரிக்கை: தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு இணையத்திலிருந்து தானாக நிரப்பும் விவரங்கள் பல நேரம் தவறாக இருக்கின்றன. ஒரே பெயரில் தெலுங்கு டப்பிங் ஆல்பம் இருந்தால் அதன் அட்டையை எடுத்து ஒட்டிவிடும். எனவே தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு படமாக நீங்களே பார்த்துச் சரி சொல்லுங்கள்.

6. எய்ம்ப். ரஷ்யாவைச் சேர்ந்த ஆர்ட்டெம் இஸ்மாய்லோவ் 2006-இல் வெளியிட்டது. பழைய வின்ஆம்ப் பழகியவர்களுக்கு உடனே கைவரும். ஒரு பாட்டின் வால் தேய்ந்து அடுத்த பாட்டின் தலை எழும்படி இணைக்கும் வசதி, ஃபைல் வகை மாற்றும் கருவி, குறித்த நேரத்தில் கணினியை அணைக்கும் வசதி எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. வீட்டு விசேஷத்துக்குப் பாட்டுப் போட இதையே சொல்வேன்.

7. வின்ஆம்ப். பிரவுசிங் சென்டர் காலத்தில் கணினி தொட்டவர்கள் யாரும் இதை மறக்க முடியாது. 1997-இல் வந்தது, 1999-இல் ஏஓஎல் நிறுவனம் வாங்கியது, 2013-இல் மூடப்போவதாக அறிவித்தார்கள், 2014-இல் வேறு கைக்குப் போனது. பிறகு 2018-லும் 2022-லும் புதிய பதிப்புகள் வந்தன. இன்றும் ஓடுகிறது. இருந்தாலும் புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். இதில் கிடைப்பதெல்லாம் எய்ம்ப்பில் கிடைக்கிறது, அதுவும் தொடர்ந்த பராமரிப்போடு.

8. விண்டோஸோடு வரும் மீடியா ப்ளேயர், இருக்கிற நாலு பாட்டைக் கேட்கப் போதும். ஐட்யூன்ஸ், ஐபோன் வைத்திருப்பவருக்கு மட்டும்.

9. முதல் சில ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது நினைவிருக்கலாம். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் இயங்குதளம் அது. பலர் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. பழைய லேப்டாப்பை இணையத்தோடு இணைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால், லேசான லினக்ஸ் ஒன்றைப் புதிதாகப் போட்டு அதில் ஆடேஷியஸ் என்ற ப்ளேயரை நிறுவலாம். வின்ஆம்ப்பின் பழைய முகத்தையே அதற்கு மாட்டலாம். பெரிய சேகரிப்பு என்றால் ஸ்ட்ராபெரி என்ற ப்ளேயர். இணையமே கொடுக்காமல் பாட்டுக்கு மட்டும் என்றால் இருக்கிற விண்டோஸே இருக்கட்டும்.

10. முடிவு செய்ய முடியவில்லையா? இரண்டு ப்ளேயர்களைப் போட்டு, இரண்டுக்கும் ஒரே பாட்டு போல்டரைக் காட்டுங்கள். ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் புழங்கட்டும். யார் கையும் போகாததை நீக்கிவிடலாம். ப்ளேயரை நீக்கினால் பாட்டு போகாது. ஆனால் ப்ளேயருக்குள் பாட்டை அழிக்கும்போது, "பட்டியலிலிருந்து மட்டும்" நீக்குகிறதா, "டிஸ்கிலிருந்தே" நீக்குகிறதா என்று படித்துவிட்டு அழுத்துங்கள்.

11. இனி பாட்டுகளுக்கு வருவோம். இந்த மென்பொருள்கள் எல்லாம் மேல்நாட்டுப் பழக்கத்தில் செய்யப்பட்டவை. அங்கே ஒரு பாடகர், அவருடைய ஒரு ஆல்பம். நாம் தேடுவது படத்தின் பெயரை வைத்து, அடுத்து இசையமைப்பாளரை வைத்து. ஒரு படத்தில் ஐந்து பாட்டை ஐந்து பேர் பாடியிருந்தால், பல ப்ளேயர்கள் அந்தப் படத்தை ஐந்து ஆல்பமாக உடைத்து எங்கெங்கோ போட்டுவிடும். இதற்கு ஒரே மருந்து, ஒவ்வொரு பாட்டின் உள்ளே இருக்கும் 'டேக்' என்ற விவரக் கட்டங்களை நம் முறைப்படி நிரப்புவது: 'ஆல்பம்' கட்டத்தில் படப்பெயர், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இசையமைப்பாளர், 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் பாடியவர்கள், 'இயர்' கட்டத்தில் படம் வந்த ஆண்டு. 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம் ஒன்றை நிரப்பினாலே உடைந்த படங்கள் ஒன்றுசேர்ந்துவிடும். எம்பி3டேக் என்ற இலவசக் கருவியில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் மாற்றலாம். பாட்டை இறக்கிய தளத்தின் பெயரைப் பாட்டோடு ஒட்டி வைத்திருப்பார்களே, அதையும் அங்கேயே துடைத்துவிடலாம்.

12. ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். 'பில்லா' என்று தேடினால் 1980-இல் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்ததும் 2007-இல் யுவன் ஷங்கர் ராஜா இசையமைத்ததும் ஒரே குவியலாக வரும். 'மாப்பிள்ளை' படத்துக்கும் அதே கதி: 1989-இல் இளையராஜா, 2011-இல் மணிசர்மா. படப்பெயருக்குப் பக்கத்திலேயே ஆண்டையும் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

பெயர்களையும் ஒரே மாதிரி எழுத வேண்டும். இளையராஜாவை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். ப்ளேயர் அவரை நாலு பேராக எண்ணிக்கொள்ளும். தமிழிலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். இன்றைய ப்ளேயர்கள் எல்லாமே யூனிகோடு தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. பழைய எழுத்துருவில் எழுதப்பட்டுப் புரியாத குறிகளாகத் தெரியும் பெயர்களை மாற்றப் போராட வேண்டாம், புதிதாகத் தட்டச்சு செய்துவிடுங்கள்.

13. ஒரு பாட்டு காதைப் பிளக்கிறது, அடுத்தது கேட்கவே இல்லை. 1960-களின் பாட்டையும் இன்றைய பாட்டையும் கலந்து கேட்பவர்களுக்கு இது தினசரிச் சிரமம். புதிய பாட்டுகளைப் பதியும்போதே சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். பழையவற்றில் அப்படி இல்லை. ஃபூபார்2000-இல் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து வலது க்ளிக் செய்து, 'ரீப்ளேகெயின்' என்பதில் ஸ்கேன் கொடுங்கள். ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் அளந்து டேக்கில் குறித்துக்கொள்ளும். பாட்டின் ஒலியைத் தொடாது. பிறகு ப்ளேபேக் அமைப்பில் ரீப்ளேகெயினை 'ட்ராக்' என்று வைத்தால் எல்லாம் ஒரே அளவில் கேட்கும். எய்ம்ப்பும் மியூசிக்பீயும் இந்தக் குறிப்பைப் படிக்கும்.

பென்டிரைவ் போட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் பெட்டிகளும் கார் ப்ளேயர்களும் பெரும்பாலும் இந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. அவற்றுக்கு எம்பி3கெயின் என்ற சிறிய கருவி உண்டு. அது எம்பி3 ஃபைலுக்குள்ளேயே சத்த அளவை 1.5 டெசிபல் படிகளாக மாற்றிவிடும், தரம் குறையாது. பாட்டிகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்து கொடுத்துப் பாருங்கள், எத்தனை நிம்மதி என்று தெரியும்.

14. ஃபைல் அளவும் தரமும். 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்.பி. இடம் பிடிக்கும், 320 என்றால் சுமார் 2.4 எம்.பி.; ஆடியோ சி.டி.யின் முழு ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஃப்ளாக் வகை, தரம் குறையாமல் அதை ஏறக்குறைய பாதியாக்கும். வீட்டில் ஒரிஜினல் சி.டி. இருந்தால் ஃப்ளாக்கில் எடுத்து வையுங்கள். ஆனால் 128-இல் இருக்கும் பாட்டை 320-ஆக மாற்றுவதில் பயனே இல்லை. ஒருமுறை போன ஒலி திரும்பாது, இடம் மட்டும் வீணாகும்.

15. பென்டிரைவில் நீங்கள் அடுக்கிய வரிசையில் பாட்டு வரவில்லை என்றால் பெட்டியில் பழுதில்லை. மலிவான பெட்டிகள் பெயர் வரிசையைப் பார்க்காமல், எது முதலில் காப்பி ஆனதோ அதை முதலில் பாடும். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, 001, 002 என்று பெயருக்கு முன்னால் எண் போட்டு, அந்த வரிசையிலேயே காப்பி செய்யுங்கள். சின்னத் திரையுள்ள பெட்டி தமிழ் எழுத்தைக் காட்டாது. பென்டிரைவுக்கான ஃபைல் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

16. கேசட்டுகள் இருந்தால் இப்போதே கணினிக்கு மாற்றுங்கள். நாடா ஆண்டுக்கு ஆண்டு நலிந்துகொண்டே போகும். ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டில், இன்று எங்கும் கிடைக்காத பாட்டு ஒன்றாவது இருக்கும். டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை ஒரு முறை முழுதும் ஓட்டித் திருப்புங்கள். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான் எடுக்கும், அதனால் லைன்-இன் துளையுள்ள யு.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதியுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு ஒரு பக்கம் 30 நிமிடம்; நடுவில் நிறுத்தாமல் ஓடட்டும், பாட்டுகளைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். மூலப் பதிவை ஃப்ளாக்கில் வைத்துக்கொண்டு, தினம் கேட்க எம்பி3 எடுங்கள்.

17. இந்தக் குறிப்பைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சினிமாப் பாட்டு இன்று இல்லாவிட்டால் நாளை எங்காவது கிடைக்கும். உங்கள் பாட்டி பாடும் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும், ஊர்க் கோயிலில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தின் பதிவும், பம்பை உடுக்கைச் சத்தமும் உங்கள் செல்போனில் மட்டும்தான் இருக்கின்றன. போன் உடைந்தால் போயிற்று. தர்மபுரி மாவட்டத்தில் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது; பதிவுகள்தான் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன.

வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுக்காமல், கேபிள் போட்டு நேரடியாகக் கணினிக்கு மாற்றுங்கள். பாடியவர், ஊர், தேதி, எந்தச் சந்தர்ப்பம் என்று ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். காப்பி செய்யும்போது ஃபைலின் தேதி மாறக்கூடும் என்பதால் கணினி காட்டும் தேதியை நம்ப வேண்டாம். கூத்துப் பதிவு ஐந்தாறு மணி நேரம் ஓடும். அதைக் கட்டியங்காரன் வருகை, அடுத்த வேஷம், சண்டை என்று எம்பி3டைரக்ட்கட் கருவியால் தரம் குறையாமல் துண்டாக்கி எண் போட்டு வைத்தால், வேண்டிய இடத்தை உடனே கேட்கலாம். முழுப் பதிவையும் அழிக்காமல் தனியே வையுங்கள். 'காமென்ட்' கட்டத்தில் வாத்தியார் பெயரையும் மத்தளம், முகவீணை வாசித்தவர்கள் பெயரையும் கேட்டு எழுதுங்கள். இந்தச் சேகரிப்புக்கு ஃபூபார்2000 அல்லது மியூசிக்பீ. போனில் பதிந்த வகை திறக்காவிட்டால் வி.எல்.சி.

18. காதுகுத்து, மஞ்சள் நீர், புதுமனை புகுவிழா போன்றவற்றுக்கு வீட்டு லேப்டாப்பையே மைக் செட்டில் மாட்டுவதாக இருந்தால்:

விண்டோஸின் அறிவிப்புச் சத்தங்களை 'நோ சவுண்ட்ஸ்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 'டிங்' என்ற சத்தம் கூம்பு ஸ்பீக்கர் வழியாக ஊருக்கே கேட்கும். வை-ஃபையை அணையுங்கள். லேப்டாப் தானே தூங்கிப்போகும் அமைப்பை 'நெவர்' ஆக்குங்கள். ப்ளேயரின் சத்தத்தை முக்கால் அளவில் நிறுத்தி, மீதியை ஆம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள். ஈக்வலைசரில் பேஸ் ஏற்ற வேண்டாம். கூம்பு அதைத் தாங்காமல் கரகரக்கும். சார்ஜர் மாட்டியதும் 'ஹம்' சத்தம் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். தொடர்ந்து வேண்டுமென்றால் மின்கடைகளில் விற்கும் ஆடியோ ஐசொலேட்டரை நடுவில் மாட்டுங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். மொய் விவரமோ அறிவிப்போ சொல்ல வேண்டியிருந்தால், எய்ம்ப்பிலும் ஃபூபார்2000-லும் 'இந்தப் பாட்டோடு நிறுத்து' என்ற வசதி இருக்கிறது. பாட்டை நடுவில் வெட்டாமல் மைக்கை எடுக்கலாம்.

19. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. எய்ம்ப்பின் நேரக் கட்டுப்பாட்டில் 9.55 என்று வைத்துவிட்டால் தானே நிற்கும். பாட்டு கேட்டபடியே தூங்கும் பெரியவர்களுக்கும் இதே வசதி உதவும். அரை மணி நேரத்தில் கணினி அணைந்துவிடும்படி அமைத்துக் கொடுங்கள்.

20. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் போகும். பாட்டு போல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். குறிப்பு 17-இல் சொன்ன பதிவுகளுக்கு மட்டும் மூன்றாவது நகல் ஒன்று, வேறு வீட்டில் இருக்கட்டும். நகல் எடுக்கும்போது பிளேலிஸ்டுகளையும் சேர்த்து எடுங்கள். அவற்றை எம்3யு8 வகையில் சேமித்தால்தான் தமிழ்ப் பெயர்கள் சிதையாது. பிளேலிஸ்டைப் பாட்டு போல்டருக்குள்ளேயே வைத்து, சேமிக்கும்போது 'ரிலேட்டிவ் பாத்' என்ற தேர்வு இருந்தால் அதையே கொடுங்கள். அப்போதுதான் வேறு கணினியில் மாட்டினாலும், வேறு ப்ளேயரில் திறந்தாலும் அதே வரிசையில் பாடும்.